மழை படாத சிவப்பு வண்டி

அந்த விளம்பரம் கண்ணில் பட்டபோது என் கையில் பாதி தேய்த்து முடித்த பல்செட் ஒன்று இருந்தது. மலேசியாவில், ஈப்போ நகரத்தின் ஒரு கடைவீட்டு மாடியில் செயற்கைப் பற்கள் செய்வது என் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் செய்து முடித்து, பேராக் மாநிலம் முழுக்க இருக்கும் கிளினிக்குகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். என்னுடைய பழைய கார் நெடுஞ்சாலையில் மேடு வந்தாலே இழுக்க முடியாமல் திணறியது. அதனால் அதிகம் ஓடாத பழைய வண்டி ஏதாவது கிடைக்குமா என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு சிவப்புக் கார். சின்ன உருவம், ஐந்து கதவு, பெரிய இன்ஜின், ஆறு கியர், பின்னால் இரட்டைப் புகைக்குழாய். வீட்டுக் காரின் உடம்புக்குள் ரேஸ் காரின் நெஞ்சை வைத்தது மாதிரி ஒரு வகை உண்டே, அது. கீழே மூன்று வரி. ஒரே உரிமையாளர். ஏழு வருடத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். மழையில் ஓட்டியதில்லை.

கடைசி வரியைப் படித்ததும் பல்செட்டை மேசையில் வைத்துவிட்டு, நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தானுடைய கார்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சுங்காய் டவுனில் அக்காவும் அவரும் குடியிருக்கிறார்கள். உரக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். வார நாட்களில் கம்பெனி பிக்கப் இருந்தது, குடும்பத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. சிவப்புக் கார் அவருக்கு மட்டும். வீட்டு முன்கூரையின் கீழ், துணி உறை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி வைத்திருப்பார். மாதம் ஒருமுறை உறையை உருவி, வாத்து இறகு மாதிரி மெல்லிய துணியால் துடைத்து, நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி மூடுவார். அக்காகூட அதில் ஏறுவதற்கு முன் செருப்பைத் தட்ட வேண்டும்.

அந்தக் காரைப் பார்த்த நொடியிலேயே அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்பா சுங்காய்க்கு வெளியே, நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில்தான் இருக்கிறார். ரப்பர் காலத்தில் அவர் பால் ஏற்றும் தொட்டி லாரி ஓட்டினார். ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு, அதன் பழக்குலை ஏற்றும் லாரி. தோட்டம் கைமாறியபோது பழைய ஆட்களுக்கென்று ஓரத்தில் ஒரு வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். அம்மா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவர் அங்கேயே தங்கிவிட்டார். தார் ரோட்டிலிருந்து திரும்பி, செம்பனைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதையில் போக வேண்டும். குழிகள் உண்டு. ஒரு மதகுப் பாலத்தருகே மண் கரைந்து சிமெண்டு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஆனாலும் கார்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மூன்று மணி தாண்டியிருக்கும். நான் வடக்கே பாரிட் புந்தாரில் ஒரு கிளினிக்கில் இருந்தேன். அப்பாவின் பக்கத்து வீட்டு அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, அப்பா குசினியில அடுப்புக்கிட்ட விழுந்து கெடக்குறாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கூப்பிட்டா பாக்குறாரு, பேச்சு வரல."

அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து, வண்டிகள் அங்கே போய்விட்டன, நேரமாகும் என்று பதில் வந்திருந்தது. நான் உடனே அத்தானைக் கூப்பிட்டேன். அன்று அக்கா ஒரு கல்யாணத்துக்காகத் தெலுக் இந்தான் போயிருந்தாள். அத்தான் வீட்டில் இருந்தார்.

"அத்தான், அப்பா விழுந்துட்டாராம். ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. நீங்க உடனே போயி ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் இங்கேருந்து நேரா வந்துர்ரேன்."

"வேன உங்கக்கா எடுத்துட்டுப் போயிட்டாம்மா. பிக்கப் கம்பெனி ஸ்டோர்ல நிக்கிது."

"செவப்புக் காடி, உங்க கார் இருக்குல்ல?"

போனில், அவருக்குப் பின்னால் மின்விசிறி ஓடுவது கேட்டது.

"அந்த ரோட்டுல இது எறங்காதும்மா. ரொம்ப லோவா இருக்கும்லா. அடியில கல்லு அடிச்சிரும். வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. ஆம்புலன்ஸ் வரட்டும். அதான் சேஃப்."

நான் கெஞ்சினேன். கத்தினேன். அவர் இரண்டாவது முறையும் "ஆம்புலன்ஸ்தான் சேஃப்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் ஆலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த குலை லாரி ஒன்றைப் பிடித்தார். நாற்பது வருடம் லாரி ஓட்டிய மனிதரை, லாரியின் முன் இருக்கையில் துண்டால் கட்டி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. அப்பாவை யாராவது கடைசியாக நல்லபடியாகப் பார்த்தது மதியம் ஒரு மணிக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு, ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது, அது கடந்துவிட்டது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். சின்ன வயதுப் பெண். நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா, கண்டிப்பா போட்டுப் பாத்திருப்போம்."

அப்பாவின் வலது கையும் பேச்சும் போயின. காலை இழுத்து இழுத்து நடக்கக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "வேணாம்." சோறு வேண்டுமா என்றாலும் வேணாம், தண்ணீர் வேண்டுமா என்றாலும் வேணாம். சொல்லிவிட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், அடுத்த நாள், பிக்கப்பில். கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடி, அப்பாவுக்காக உரக்க ஜெபம் செய்தார். எங்கள் குடும்பம் தோட்டத்துச் சபையில் வளர்ந்த குடும்பம். அத்தான் டவுன் சபையில் மூப்பர். குரல் நன்றாக இருக்கும். "எங்கள் மாமாவைத் தொட்டருளும் ஆண்டவரே" என்று அவர் உருகியபோது பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட ஆமென் சொன்னார்கள். அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நான் அத்தானின் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளி மண் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த ஜெபம் நடந்தது. அந்தச் சனிக்கிழமை பற்றி அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் ஆயிரம் முறை அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பதிலைச் சொல்வார். அந்த ரோட்டுல இது எறங்காதும்மா. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது அந்தக் கார் விற்பனைக்கு நின்றது.

அன்று மாலையே போனேன். ஈப்போவின் ஒரு ஓரத்தில், பழைய கார்கள் விற்கும் கடை. கடைக்காரர் சீனர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா தோட்டத்து மளிகைக்கடை வைத்திருந்தவராம். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசினார்.

"அக்கா, இந்த மாதிரி காடி கெடைக்காதுலா. முன்னாடி வச்சிருந்த ஆளு கொழந்த மாதிரி பாத்துருக்காரு. பெரிய காடி வாங்கப் போறாரு, எடம் இல்ல, அதான் குடுத்துட்டாரு. குடுக்கும்போது என்ன சொன்னாரு தெரியுமா? சின்னப் பசங்களுக்கு விக்காதீங்க, வீட்டுக்குள்ள நிறுத்துற ஆளாப் பாத்து விடுங்கன்னாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு."

"அழுதாரா?"

"சுங்கோ, நெசமாத்தான் அக்கா. சாவியக் குடுத்துட்டுத் திரும்பி நின்னு கண்ணத் தொடச்சாரு."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அந்த ஆள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். இருக்கை விலா இரண்டையும் இறுக்கிப் பிடித்தது. புதுத் தோல் வாசனை இன்னும் போகவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்கு மனது குளிர்ந்தது.

மறுநாள் என்னுடைய போர்மேனை அழைத்துப் போனேன். மெக்கானிக்கை நாங்கள் போர்மேன் என்றுதான் சொல்வோம். என் பழைய காரைப் பத்து வருடமாக உயிரோடு வைத்திருந்த தமிழர் அவர். ஒரு மணி நேரம் வண்டியைத் தட்டினார், முகர்ந்தார், மீட்டரைச் சோதிக்கும் கருவியைச் செருகிப் பார்த்தார்.

"மீட்டர் நெசம்தான். ஆனா கம்மியா ஓடுனா நல்லதுன்னு நெனைக்காத. நிக்கிற காடிக்கு வேற வியாதி. டயர் ஏழு வருசம், ரப்பர் கல்லாயிருச்சு, பக்கமெல்லாம் வெடிப்பு. பேட்டரி மாத்தணும். பெல்ட்டு, பிரேக் எண்ணெ, எல்லாம் மாத்தணும். இவன் தொடச்சுத் தொடச்சே வச்சிருந்தான், ஓட்டல."

"அடியில பாத்தீங்களா?"

"அடியில என்னா?"

"கல்லு கில்லு அடிச்சிருக்கா?"

வண்டியைத் தூக்கி, விளக்குப் பிடித்துக் காட்டினார். கீழ்ப்பக்கம் ஒரு கீறல் இல்லை. கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. நான் அதைக் கைபேசியில் படம் எடுத்தேன். போர்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"டெய்லி ஓட்டவா வாங்குற? கொஞ்சம் குலுக்கத்தான் செய்யும். பெட்ரோல் எண்ணெயும் குடிக்கும். முதுகு வலிக்கும்."

"டெய்லி ஓட்டத்தான் அண்ணே. மழ, வெயிலு, மண்ணு, எல்லாத்துலயும்."

என் பழைய காரைக் கொடுத்து, சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு வாங்கினேன். பெயர் மாற்றும் காகிதத்தில் மேலே அத்தானின் பெயர், கீழே என் பெயர். நான் அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புது டயரும் பேட்டரியும் போட்டு முடித்த நாள் சனிக்கிழமை. அந்த நாள் அமைய வேண்டும் என்று வேண்டுமென்றே போர்மேனை அவசரப்படுத்தியிருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சுங்காயில் அத்தான் வீட்டு கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். வீடு பூட்டியிருந்தது. இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் இருவரும் சபைக் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கைபேசியில் நேரம் எண்ணும் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

தார் ரோட்டில் வண்டி சீறியது. மூன்றாவது கியரில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இந்த வேகத்தையா அந்த ஆள் துணி போட்டு மூடி வைத்திருந்தார் என்று பற்களைக் கடித்தேன். தோட்டத்துக்குள் திரும்பியதும் வேகத்தைக் குறைத்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. குழிகளில் சிவப்புத் தண்ணீர். ஒவ்வொரு குழியையும் பார்த்து, சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஏற்றி ஓட்டினேன். மதகுப் பாலத்தில் மட்டும் முன் பம்பரின் கீழ் உதடு சிமெண்டில் உரசி, நகத்தால் தகரத்தைக் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. அப்பா வீட்டு வாசலில் நிறுத்தி, பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.

பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேனா என்று ஞாபகமில்லை. கோபம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. திரும்பும் வழியையும் ஆஸ்பத்திரி வரைக்குமான தூரத்தையும் கூட்டிப் பார்த்தேன். நாலே காலுக்கு அப்பா டாக்டர் முன்னால் இருந்திருப்பார்.

பக்கத்து வீட்டு அண்ணன் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"அலாமாக். இது உங்க அத்தான் காடி இல்ல?"

"இப்ப என் காடி அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. அப்பா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உன்கிட்ட இதச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன் தங்கச்சி. அன்னிக்கி நீ பேசி வச்ச பெறவு நானும் உங்க அத்தானுக்கு அடிச்சேன். ஒரு கையால விசிறிக்கிட்டு இருந்தேன், அதான் போன கீழ வச்சு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். அதே கததான் சொன்னாரு. ரோடு சரியில்ல, காடி அடிபட்டுரும், நான் வந்து என்னா பண்ணப்போறேன்னு. உங்கப்பா பக்கத்துலதான் கெடந்தாரு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அந்த ஜெபத்தை அவர் எப்படிப் பொறுத்துக்கொண்டு கேட்டார்? பேச்சு இருந்திருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார். அதையும் அந்த ஆள்தான் பறித்திருந்தார்.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் அப்பாவை அந்தக் காரில்தான் பீடோருக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். தாழ்ந்த இருக்கை, அவரை உள்ளே இறக்குவதே ஒரு வேலை. உட்கார்ந்த பிறகு, உணர்வில்லாத அவருடைய வலது கை கியர் கம்பிக்குப் பக்கத்தில் வந்து விழும். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் என் விரல் முட்டி அந்தக் கையில் இடிக்கும். தள்ளி வைத்தாலும் திரும்ப வந்துவிடும். மற்ற நாட்களில் பல்செட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தானுக்கும் தைப்பிங்குக்கும் போவேன். பசாரில் மீன் வாங்கிப் பின்னால் வைப்பேன். டுரியான் காலத்தில், வாடை போகாத டுரியான் பழம். மழையில் நிறுத்துவேன். கழுவுவது மழையின் வேலை என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கறையும் எனக்கு இனித்தது.

அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு வாரமாக வண்டிமேல் ஒரு துணிகூடப் படவில்லை. சக்கர வளைவு முழுக்கச் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. அத்தான் கேட்டைத் திறக்க வந்தார், நின்றுவிட்டார்.

"இது... இது எப்படி உன்கிட்ட?"

"ஈப்போவுல விளம்பரம் பாத்தேன். மழையில ஓட்டாத காடின்னு போட்டுருந்துச்சு. வாங்கிட்டேன்."

அவர் குனிந்து பம்பரின் கீறலைத் தொட்டார். அவருடைய புதுக் கார், பெரியது, வெள்ளை நிறம், பின்னால் உறைக்குள் நின்றது.

"கழுவுறதே இல்லையாம்மா?"

"டைம் இல்ல அத்தான்."

அப்பாவை இறக்கும்போது அவருடைய செருப்பிலிருந்து மண் கட்டி ஒன்று காருக்குள் விழுந்தது. அத்தானின் கண் அதைப் பின்தொடர்ந்து போனது. பதினைந்து நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்ப்பது மாதிரி நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

மேசையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அக்கா, அத்தான், நான், அப்பா. அத்தான் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். பிறகு வழக்கம்போல, "எங்கள் மாமாவை" என்றார்.

"பதினோரு நிமிசம்" என்றேன் நான்.

ஜெபம் நின்றது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"இந்த வாசல்லேருந்து அப்பா வீடு வரைக்கும், அந்தக் காடியில, மழைக்குப் பின்னால, பதினோரு நிமிசம். நான் எண்ணிப் பாத்துட்டேன் அத்தான். எறங்காதுன்னு சொன்னீங்கல்ல? எறங்குது. பம்பர்ல ஒரு கீறல். அப்பாவோட கைக்கு வெல அதுதான்."

"என்னா பேசுற நீ?" அக்கா என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினாள். "காடி ஸ்டார்ட் ஆகலன்னுதானே சொன்னீங்க? பேட்டரி போயிருச்சுன்னு?"

அப்பா இடது கையால் மேசையை ஒருமுறை அடித்தார். தட்டுகள் குலுங்கின. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருந்தது எனக்கே தெரியாது.

"நீங்க ஸ்பீக்கர்ல பேசுனத அப்பா கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றேன். "இத்தன வருசம் நீங்க பண்ண ஜெபத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அத்தான் எழுந்து, பின் கதவு வழியாக வெளியே போனார். நான் வென்றுவிட்டேன். மூன்று வருடம் மனதில் ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே நடந்திருந்தது. அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். பின்னாலேயே போனேன், அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்து.

அவள் திரும்பவில்லை. குழாயைத் திறந்து விட்டபடியே கேட்டாள்.

"நீ ஏன்டி என்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாத."

அது பொய்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் யாரிடமோ, "அன்னிக்குன்னு பாத்து காடி பேட்டரி போச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல இடம், நல்ல நேரம் வரட்டும் என்று பொத்தி வைத்தேன்.

"அவரு எனக்கும் அப்பாதான்" என்றாள் அக்கா. "மூணு வருசம் இந்த மனுசனுக்கு சோறாக்கிப் போட்டேன். பக்கத்துல படுத்தேன். நீ அதப் பாத்துக்கிட்டு இருந்த. காடி வாங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்த. போ. அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போ."

நாலு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. போன் எடுக்கவில்லை. நான் சபைக்குப் போனால் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். அத்தான் மூப்பர் பதவியை விட்டுவிட்டார், ஜெபம் சொல்வதில்லை என்று மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அந்தச் செய்தி எனக்கு இனித்தது. அக்காவின் மௌனம் இனிக்கவில்லை. இரண்டும் ஒரே கதையில் வந்ததால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அத்தான் பஸ் பிடித்து ஈப்போ வந்து, என் கடை மாடிக்கு ஏறிவந்தார். உடம்பு இளைத்திருந்தது. பல்செட்கள் வரிசையாகக் காயும் மேசைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி நான் யோசிச்சுப் போகாம இருக்கலம்மா. யோசிச்சிருந்தா போயிருப்பேன். நீ சொன்ன ஒடனே மனசுல வந்தது காடிதான். மாமா வரல. காடிதான் வந்துச்சு. அதுக்கு மேல எனக்கே சொல்லத் தெரியல."

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"கேளுங்க. நான் இப்ப அங்கதான் போறேன். வாங்க."

படியிறங்கி, என் சிவப்புக் காரின் கதவைத் திறந்துவிட்டேன். சீட்டில் மீன் தண்ணீர் காய்ந்த கறை இருந்தது. அவர் அதன்மேல் உட்கார்ந்தார். செம்மண் பாதையில் திரும்பியதும் நான் குழிகளைத் தவிர்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் இறக்கினேன். ஒவ்வொரு இடிக்கும் அவர் கண்ணை இறுக்கி மூடினார், கை கதவுப் பிடியைப் பற்றியது. மதகுப் பாலத்தில் பம்பர் உரசியபோது அவர் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. எனக்கு அந்த மூன்று கிலோமீட்டரும் போதவில்லை.

அப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார். அத்தான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். காதில் விழாத அளவுக்கு மெதுவாகப் பேசினார். நிறைய நேரம் பேசினார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அத்தானின் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கையை மடியில் இறக்கி வைக்கப் பார்த்தார். அப்பா அதை மறுபடி எடுத்து அவர் கையில் போட்டார். மன்னிப்பா தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"வெரல மடக்கி நீட்டி விடணும்பா. ஒவ்வொண்ணையும் பத்துத் தரம்."

அத்தான் ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். ஏழாவதில் எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இளகிவிடுவேன் என்று பயந்து, சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிக் கிளம்பிவிட்டேன். அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடக்கூடாது என்று பக்கத்து வீட்டு அண்ணனையும் கண்ணால் தடுத்துவிட்டே போனேன். மதியம் இரண்டு மணி வெயில். தார் ரோடு வரைக்கும் செம்பனை நிழல் பாதையில் விழாத நேரம்.

அன்று மாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு.

"நடந்தே வந்தாரு" என்றாள். "காலெல்லாம் கொப்புளம்."

"தெரியும்க்கா."

"உன்மேல எனக்குக் கோவம் போகல."

"தெரியும்."

"அவர் மேலயும் போகல." குழாயை மூடும் சத்தம் கேட்டது. "அடுத்த சனிக்கெழம மறுபடி போறேன்னு சொல்றாரு. அப்பா வெரலுக்கு. நான் வேன்ல கூட்டிக்கிட்டுப் போறேன். நீ பன்னண்டு மணிக்கு மேல வா. ஒரே நேரத்துல ரெண்டு பேரையும் பாக்க எனக்குச் சக்தி இல்ல."

சரி என்றேன். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. காலையில் அவர்கள், பிற்பகலில் நான். சில வாரம் வழியில், குறுகலான பாதையில், அக்காவின் வேனும் என் காரும் எதிரெதிரே வந்துவிடும். அக்கா கையைத் தூக்குவாள், நானும் தூக்குவேன். யாராவது ஒருவர் செம்பனை ஓரமாக இறங்கி வழிவிட வேண்டும். அவள் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தால் நான் இறங்குவதில்லை.